கேப் டவுனில் தங்கிவிட்ட துண்டு

ரப்பர் கருகுகிற வாசனையில்தான் எல்லாம் தொடங்கியது. ம்போஷெனி என்ற ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு மண் சாலையில் மேடு ஏறும்போது புலெல்வாவின் மூக்கில் அது வந்து ஏறும். வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ எழும்பித் தொண்டை வரை வந்து நிற்கும். இதே மேட்டில், இதே வெயிலில், பின்னால் இதே பிள்ளை இதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, முன்பும் ஒருமுறை போயிருக்கிறோமே என்று தோன்றும். பிறகு எல்லாம் விலகிவிடும்.

வண்டி ஓட்டுகிறவளுக்கு வேறென்ன நினைப்பு வரும்? கிளட்ச் தேய்கிறது என்றே நினைத்தாள். மவுண்ட் ஃபிரியர் நகரத்துக்குப் போய் மெக்கானிக்கிடம் வேனை நிறுத்தினாள். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அடுத்த தடவை பிரேக்கைப் பார்க்கச் சொன்னாள். அதுவும் சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் போய் நின்றபோது அவர் சிரித்துவிட்டார்.

"அக்கா, வண்டிய விடுங்க. மூக்க எந்த டாக்டர்கிட்டயாவது காட்டுங்க."

அவளும் சிரித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அந்த வேன் அவள் கைக்கு வந்தது ஒரு தனிக் கதை. கணவன் மோண்டே ருஸ்டன்பர்க் பக்கம் பிளாட்டினச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். பாறைச் சில் தெறித்து ஒரு கண் போனதும், கிடைத்த நஷ்ட ஈட்டில் பழைய வேன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஒற்றைக் கண்ணோடு அவனால் ஓட்ட முடியாது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் வெள்ளிக்கிழமை குடித்தால் திங்கட்கிழமைதான் தெளிவான். இவனை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட நானே ஓட்டிவிடுவேன் என்று ஒருநாள் கோபத்தில் சொன்னவள், சொன்னபடி ஓட்டக் கற்றுக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் அனுமதியும் வாங்கிவிட்டாள். பெற்றவர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை. பெண்பிள்ளை கையில் இத்தனை உயிரை எப்படி ஒப்படைப்பது என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஒரு மழைக்காலம் போனது. மற்ற வேன்கள் சேற்றில் புதைந்து கிடந்தபோது இவளுடையது மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. பிள்ளை பெறப் போகிறவள், பாம்பு கடித்தவன், தூரத்துச் சாவுக்குப் போகிறவர்கள் என்று ஊரின் அவசரமெல்லாம் அந்த வேனில்தான் போயிற்று.

மோண்டே பன்றி வளர்த்தான். ஊரில் பாதி வீடுகளில் அப்படித்தான். பன்றிகள் காலையில் அவிழ்த்துவிட்டால் புதர், ஓடை, கொல்லை என்று மேய்ந்துவிட்டு மாலையில் தாமாக வரும். வாரத்துக்கொன்றை அறுத்து விற்றுவிட்டு, மிச்சத்தை நெருப்பில் வாட்டித் தின்பதில் அவனுக்கு அப்படியொரு ஆசை. புலெல்வா சியோன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரி. அந்தச் சபையில் பன்றியைத் தொடக்கூடாது. தாய்வீட்டிலும் தின்றதில்லை, இங்கே வந்தும் தின்றதில்லை. அவள் சமைக்கிற பானைகூடத் தனி. மோண்டேயின் அக்கா நோபந்து, கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு இருந்தவள், அந்தப் பானையைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்வாள். ஆனால் காலையில் மாட்டைக் கறந்து, சுரைக்குடுக்கையில் புளிக்க வைத்த பாலைக் குலுக்கி, முதல் கோப்பையை மனைவிக்கு ஊற்றித் தருவது மோண்டேதான். வேன் கிளப்புமுன் அதைக் குடித்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அந்த ஊரில் பெண்டாட்டிக்கு அப்படி ஊற்றித் தருகிற ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான் என்று பேச்சு.

வாசனை வரத் தொடங்கி ஓர் ஆண்டு போலக் கழிந்திருக்கும். பள்ளி விட்டுத் திரும்பும் நேரம், வேன் சாலையை விட்டு விலகிச் சோளக்கொல்லைக்குள் இறங்கி, கம்பிவேலியை இழுத்துக்கொண்டுபோய்க் கறையான் புற்றில் மோதி நின்றது. புலெல்வாவுக்கு நினைவு வந்தபோது பிள்ளைகள் கொல்லைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். வாயில் இரத்தம் கரித்தது. நாக்கைக் கடித்திருந்தாள். எப்படி இங்கே வந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அத்தையின் கை தானாக ஆடியது, கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். ஓல்வேது என்ற சிறுமிக்குக் கை முறிந்திருந்தது. மற்றவர்களுக்குக் கீறல்கள்.

மறுநாள் கணவனும் மனைவியும் நடந்தே ஓல்வேதுவின் வீட்டுக்குப் போனார்கள். தகப்பன் முகம் கொடுத்துப் பேசவில்லை. தாய் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கட்டுப் போட்ட கையோடு பிள்ளை கதவோரம் நின்று, நாளைக்கு வேன் வருமா என்று கேட்டது. வராது என்று புலெல்வா சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் சாவியை நோபந்துவின் கையில் வைத்தாள்.

"அக்கா, நானே வந்து கேட்டாலும் இதக் குடுக்காதீங்க."

அன்றைக்கு நோபந்து எதுவும் குத்திப் பேசவில்லை என்பதைப் பிற்பாடும் புலெல்வா சொல்வாள்.

வலிப்பு அதன்பிறகு அடிக்கடி வந்தது. முன்னோர் கூப்பிடுகிறார்கள், இவள் குறிசொல்லியாக வேண்டியவள், அதை மறுப்பதால்தான் கீழே தள்ளுகிறார்கள் என்பது நோபந்துவின் முடிவு. புருஷன் வீட்டில் புலெல்வாவைப் பிறந்த குலத்தின் பெயரால் மாட்லோமோ என்றுதான் அழைப்பார்கள். மாட்லோமோவின் குலத்தில் இரண்டு தலைமுறைக்கு முன் ஒரு குறிசொல்லி இருந்ததையும் நோபந்து விசாரித்து வைத்திருந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேர்பெற்ற குறிசொல்லிப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கூட்டிப்போனாள். அந்தப் பெண் வெகுநேரம் விசாரித்தாள். கனவில் யார் வருகிறார்கள் என்று கேட்டாள். படுத்தால் பிணம் மாதிரி தூங்குவேன், கனவே வராது என்றாள் புலெல்வா.

"எங்கிட்ட வரவேண்டியவங்களுக்கு மொதல்ல கனவு வரும்" என்று நோபந்துவைப் பார்த்துச் சொன்னாள் அந்தப் பெண். "இவள யாரும் கூப்பிடல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

வழியெல்லாம் நோபந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அந்தப் பெண்ணுக்கு வயதாகிவிட்டது, முன்போல் கண் தெரிவதில்லை என்றாள்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கிடைத்தது. தின்றால் வலிப்பு குறைந்தது, ஆனால் ஆளை எந்நேரமும் தூக்கத்தில் தள்ளியது. சபையில் பாட்டுக்கு நடுவில் தூங்கி விழுந்தாள். வார்த்தைகள் நாக்கு நுனியில் நின்று வர மறுத்தன. சில மாதம் எதுவும் வராமல் இருந்ததும் குணமாகிவிட்டதென்று தானே தீர்மானித்து, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். அப்படிச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது அவள் காதில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து வெள்ளை அங்கியோடு வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே விழுந்தாள். நோபந்து பழகிய கைகளோடு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே போர்வையைச் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் அது சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். அன்றைக்கும் அடங்கியது. ஆனால் கண் திறக்குமுன் அடுத்தது வந்தது. அதுவும் அடங்கி, இன்னொன்று. நிழல் வாசலிலிருந்து சுவர்ப் பக்கம் நகர்ந்துவிட்ட பிறகுதான் இது வேறு மாதிரி என்று நோபந்துவுக்கு உறைத்தது.

ஆம்புலன்ஸ் வேறு திசையில் எங்கோ போயிருந்தது. கடைக்காரரின் சின்ன லாரி சரக்கெடுக்க நகரத்துக்குப் போயிருந்தது. கூட்டம் முற்றத்தில் நின்ற வேனைச் சுற்றி நின்றது. அந்த நேரத்தில் ஊரில் இருந்த ஒரே வண்டி அதுதான். அதை ஓட்டத் தெரிந்தவள் உள்ளே தரையில் கிடந்தாள்.

மோண்டே நோபந்துவிடம் சாவியைக் கேட்டான். அவள் கொடுக்கத் தயங்கினாள். ஒற்றைக் கண்ணன் ஓட்டி எல்லோரும் சாகவா என்று யாரோ கேட்டார்கள். அவன் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஓட்டுவதைப் பார்த்ததுதான் அவனுடைய பயிற்சி. முதல் கியரிலேயே மேடெல்லாம் ஏற்றினான். பின்னால் நோபந்துவும் இரண்டு பெண்களும் புலெல்வாவைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு உண்மையாகவே கிளட்ச் கருகியது. தார்ச்சாலையை எட்டியதும் மரம் ஏற்றிப்போகிற லாரியை மறித்தான். அந்த டிரைவர் தன் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு வேனை வாங்கி ஓட்டினான்.

மவுண்ட் ஃபிரியரில் வலிப்பை நிறுத்துகிற ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. மறுபடியும் போட்டார்கள். அதற்கும் மசியவில்லை. உம்டாட்டாவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். அங்கே மொலெஃபி என்ற பெண் டாக்டர் வேறொரு மருந்தைக் கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்த பிறகுதான் அந்த உடம்பு அசையாமல் கிடந்தது.

ஊசி பழையதாகிக் கெட்டுப்போயிருந்ததா என்று மோண்டே கேட்டான். கோபமாகத்தான் கேட்டான். டாக்டர் மொலெஃபி சோதோ மொழிக்காரி, இவர்கள் மொழியான கோசாவை அவள் பேசினால் சோதோ வாடை அடிக்கும். அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். மூளையின் ஒவ்வொரு நரம்பணுவின் மேலும் சேதி வாங்குகிற வாசல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ஏற்பி என்று பெயர். ஒரு வகை ஏற்பிக்கு 'பாய்' என்கிற சேதி வரும், இன்னொரு வகைக்கு 'நில்' என்கிற சேதி. நல்ல மூளையில் இரண்டும் சமமாக இருக்கும். வலிப்பு என்பது 'பாய்' மட்டும் ஓங்குவது. ஊசி மருந்து அந்த 'நில்' ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அவற்றுக்குப் பலம் கொடுப்பது. சீக்கிரம் போட்டால் கேட்கும். வலிப்பு நீண்டுகொண்டே போனால் அணுக்கள் அந்த 'நில்' ஏற்பிகளை மேலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும், 'பாய்' ஏற்பிகள் இன்னும் அதிகமாக வெளியே வரும். மருந்து நல்ல மருந்துதான், அது உட்கார இடம்தான் இல்லை. அதனால்தான் பின்னால் 'பாய்' ஏற்பியை அடைக்கிற வேறு மருந்து கொடுக்க வேண்டிவந்தது.

"அப்ப நாங்க லேட்டாக்கினதுதான் காரணமா?" என்று மோண்டே கேட்டான்.

"நேரம் போனது ஒரு காரணம். மாத்திரைய நிறுத்துனது இன்னொரு காரணம். ரோடும் ஒரு காரணம்தான். யாரு மேலயும் பழி போட நான் இதச் சொல்லல. அடுத்த தடவை உக்காந்து பாக்காதீங்கன்னு சொல்றேன்."

புலெல்வா கண் விழித்துப் பேசத் தொடங்கியதும் அவன் இதையெல்லாம் அவளுக்குத் தன் பாஷையில் சொன்னான்.

"ஒன் மூளையில 'நில்லு நில்லு'ன்னு சொல்ற ஆளுங்க எல்லாரும் ஷிஃப்ட் தொடங்குனாப்ல லிஃப்டுல ஏறி சுரங்கத்துக்குக் கீழ போயிட்டாங்களாம். ஊசி மேல நின்னு கத்துதாம். கேக்க ஆளில்ல."

அவளுக்குச் சிரித்தால் தொண்டை வலித்தது.

ஸ்கேனில் மூளைக்குள் புள்ளிகள் தெரிந்தன. சில வெள்ளையாகக் கெட்டிப்பட்டவை, ஒன்று வலப்பக்கம், காதுக்கு மேலே உள்ளே. பன்றி நாடாப்புழுவின் குஞ்சுகள் வந்து தங்கிய இடம் அவை என்றாள் டாக்டர். புலெல்வா அதை ஏற்கவில்லை. வாழ்நாளில் பன்றியை வாயில் வைத்ததில்லை என்று சொன்னாள். சொல்லும்போது, சபைக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னதுபோல் அவள் முகம் கறுத்துவிட்டது.

பன்றிக்கறி தின்றால் குடலில்தான் புழு வளரும், அது மூளைக்குப் போகாது என்று டாக்டர் விளக்கினாள். வேகாத கறி தின்றவரின் குடலில் புழு இருக்கும். அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்காது. அவர் கொல்லைக்குப் போய்விட்டுச் சரியாகக் கை கழுவாமல் உணவைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் அதில் ஒட்டும். அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில்தான் குஞ்சு இரத்தத்தோடு ஏறி மூளையில் போய்த் தங்கும். வீட்டில் எல்லோரும் பரிசோதிக்க வேண்டும் என்றாள்.

நோபந்துவுக்கு ஒன்றுமில்லை. மோண்டேக்கு இருந்தது. மருந்து கொடுத்ததில் வெளியே வந்ததை அவனே பார்த்தான். பட்டை பட்டையாக, வெள்ளை ரிப்பன் போல நீண்டிருந்தது. வார்டுக்குள் வந்து கட்டில் ஓரத்தில் நின்றான். உட்காரவில்லை.

"எங்கிட்டதான் இருந்துச்சு" என்றான்.

அவள் அவன் ஊற்றித் தரும் பாலை நினைத்துக்கொண்டாள். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது தெரிந்தது. கடைசியில், வேனுக்குப் புது கிளட்ச் போட்டாயிற்றா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றான். போடு என்றாள். அவனை மன்னித்தேன் என்று அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தபின் பல மாதம் அவன் ஊற்றிய கோப்பையை அவளால் வாங்க முடியவில்லை. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு அவள் பார்க்கும்படி காய வைத்துக்கொண்டு நிற்பான். அவள் தானே ஊற்றிக்கொள்வாள். அவனும் கையைத் துடைத்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போய்விடுவான்.

புழு செத்தாலும் அது இருந்த இடத்துத் தழும்பு சாகவில்லை. மாத்திரையை ஒழுங்காகத் தின்றும் மாற்றிப் பார்த்தும் வலிப்பு நிற்கவில்லை. டாக்டர் மொலெஃபி கேப் டவுன் ஆஸ்பத்திரிக்கு எழுதினாள். பஸ்ஸில் ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து புலெல்வாவும் நோபந்துவும் போனார்கள். மோண்டே மாடுகளோடு வீட்டில் இருந்தான். அங்கே பல நாள் தலையில் கம்பிகளை ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்து, எல்லாம் அந்த வலப்பக்கத் தழும்பிலிருந்துதான் புறப்படுகிறது, அதைச் சுற்றி ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம் என்றார்கள்.

வெட்டி எடுப்பதை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்க வந்தவன் பெயர் சிவீவே. ங்கோபோ என்ற ஊர்ப் பக்கத்துக்காரன், கோசாக்காரன், முப்பதைத் தாண்டியிருக்காது. எல்லோரிடமும் கேட்பதைப்போலத்தான் கேட்டான். புலெல்வா ஒரு நிபந்தனை வைத்தாள்.

"தர்றேன் தம்பி. ஆனா அத என்ன பண்றீங்கன்னு எங்கண்ணுக்குக் காட்டணும்."

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன், ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியருக்குச் சம்மதம்தான் என்று மறுநாள் வந்து சொன்னான்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த வாரத்தில், தலையில் துணி கட்டிக்கொண்டு, நோபந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனாள். எடுத்த துண்டை மெல்லிய சீவல்களாகச் சீவி, கதகதப்பான நீரில் உயிரோடு வைத்திருப்பதாக சிவீவே சொன்னான். ஒவ்வொன்றும் நகத்தைவிட மெல்லியதாக, வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு நிறத்தில் இருந்தது. நோபந்து ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஒரு சீவலை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரு நரம்பணுவைத் தொட்டான். திரையில் கோடு அமைதியாக ஓடியது. அப்புறம், பன்றியின் சதையிலிருந்து எடுத்த புழுக்குஞ்சை அரைத்து வடித்த நீரில் துளியிலும் துளியை அதன்மேல் செலுத்தினான். கோடு துள்ளியது. திரை முழுக்க முள்முள்ளாக எழும்பியது. ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டான். தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற சத்தம். அடங்கி, மறுபடி கொட்டியது.

"புழுவோட உடம்புல குளூட்டமேட்னு ஒண்ணு நெறைய இருக்குக்கா. 'பாய்'னு சேதி சொல்ல நம்ம மூளை வச்சிருக்கற அதே பொருள்தான். அணுவோட ஏற்பிக்கு இது யாரு அனுப்புனதுன்னு தெரியாது. மூளையே அனுப்புச்சுன்னு நெனச்சு வாங்கிக்குது."

வேறொரு மருந்தை அந்த நீரில் கலந்தான். அது அந்த ஏற்பிகளை அடைக்கிற மருந்து. மறுபடியும் புழுநீரைச் செலுத்தினான். இந்தத் தடவை கோடு அசையவில்லை. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல்தான் இருந்தது.

உயிரோடு இருக்கும் புழு இதை இவ்வளவு கொட்டுகிறதா, சாகும்போதுதான் கொட்டுகிறதா, தழும்பில் நடப்பதும் இதேதானா என்பதெல்லாம் இன்னும் தெரியாது, அதற்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சிவீவே சொன்னான். புலெல்வாவின் காதில் அதெல்லாம் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் திரையில் ஓடிய அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இங்கே நின்றுகொண்டிருக்க, தன்னில் ஒரு துண்டு அங்கே தனியாக வலிப்பு கண்டதை அவள் பார்த்தாள். இத்தனை ஆண்டில் தனக்கு வலிப்பு வருவதை அவள் பார்த்ததேயில்லை. மற்றவர்கள்தான் பார்த்தார்கள்.

"இப்ப அதுக்கு ரப்பர் கருகற வாசன வந்திருக்குமா, தம்பி?"

சிவீவே யோசித்தான். வாசனையை உணர இன்னும் எத்தனையோ இடங்கள் சேர வேண்டும், இவ்வளவு சின்னத் துண்டுக்கு அது முடியாது என்றுதான் நினைப்பதாகச் சொன்னான். சொல்லிவிட்டு, உறுதியாகத் தெரியாது என்றும் சேர்த்துக்கொண்டான்.

அந்த வாரமே மோண்டேயின் போன் வந்தது. குலத்துப் பெரியவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள், உடம்பில் வெட்டியது எதுவானாலும் வீட்டு மண்ணில் புதைக்க வேண்டும், கேட்டு வாங்கிவா என்றான். கேட்டால் தருவதற்கு முறை இருக்கிறது என்று சிவீவேயும் சொன்னான். புலெல்வா ஒருநாள் யோசித்தாள்.

"என் வேலையக் கெடுத்தது அதுதானே" என்று மோண்டேயிடம் சொன்னாள். "இங்கயே கெடந்து கொஞ்சம் வேல செய்யட்டும்."

நோபந்துவுக்கு இது பொறுக்கவில்லை. பஸ்ஸில் பாதி வழி ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வீடு வந்து சேர்ந்த பின் ஓர் ஆட்டை அறுத்து, மாட்டுப்பட்டியின் வாசலில் குலத்துப் பெரியவர் முன்னோர்களை அழைத்து முடித்ததும், நோபந்து எழுந்து முன்னால் வந்து, உங்கள் மருமகள் மாட்லோமோவில் ஒரு பங்கு கேப் டவுனில் இருக்கிறது, தேடாதீர்கள், அங்கே ங்கோபோ பையன் ஒருவன் பார்த்துக்கொள்கிறான் என்று உரக்கச் சொன்னாள். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்பதையும் சொன்னாள். கூடியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். புலெல்வா அடக்கவில்லை.

அடுத்த ஆண்டு சுகாதாரத் துறைக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். ஊர்த் தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம். பன்றியைக் கட்டிப்போடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், எல்லோரும் மலம் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்றார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். இதில் யாராவது முன்வருவார்களா? யாரோ பின்னாலிருந்து கேலியாக ஏதோ சொல்ல, கூட்டம் கலைகிற மாதிரி ஆயிற்று. அப்போது மோண்டே எழுந்து நின்றான். பேசிப் பழக்கமில்லாதவன், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே பேசினான்.

"எம் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். பேய்னு சொன்னவங்க இருக்கீங்க, முன்னோர்னு சொன்னவங்க இருக்கீங்க. அது எங்கிட்டருந்து போச்சு. எங்குடல்ல இருந்துச்சு. எனக்குத் தெரியல, வலிக்கல, நான் நல்லாத்தான் தின்னேன், நல்லாத்தான் தூங்குனேன். இங்க நல்லாத் தூங்கறவங்க இன்னும் யாராவது இருக்கலாம். நான் இப்பக் குடுக்கப் போறேன். வர்றவங்க வாங்க."

அவன் போய்ப் பரிசோதனை டப்பாவை வாங்கினான். ஓல்வேதுவின் தகப்பன்தான் அடுத்து எழுந்தான். அதன்பின் வரிசை வந்தது. அந்தச் சின்ன ஊரில் இன்னும் மூன்று பேரிடம் புழு இருந்தது. மோண்டே பன்றிக்குப் பலகையால் அடைப்புக் கட்டியபோது, பன்றிக்கு மாளிகை கட்டுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். இப்போது ஊரில் பாதிப் பேர் கட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் கட்டவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய வலிப்பு புலெல்வாவுக்கு வரவில்லை. எப்போதாவது, ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, சில நொடி எங்கோ பார்த்தபடி நின்றுவிடுவாள், கை துணியைப் பிசையும், பிறகு திரும்பிவிடுவாள். முகங்கள் சிலது பெயர் இல்லாமல் வந்து நிற்கின்றன. மாத்திரையை விடவில்லை. பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியை இனி ஒருநாளும் ஓட்டக்கூடாது என்று டாக்டர் மொலெஃபி சொன்னபோது அவள் வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வேன் நிற்கிற பக்கமே போகவில்லை, அவ்வளவுதான்.

வேன் ஓடுகிறது. லிண்டெல்வா என்ற பெண்ணை அவள் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தாள். பெற்றவர்கள் கூட்டத்தில், இந்தப் பெண்ணுக்கு அந்த மாதிரி எதுவும் இல்லையே என்று ஒருவர் இழுத்தார்.

"இல்ல" என்றாள் புலெல்வா. "இருந்தா நானே மொதல்ல கண்டுபிடிச்சிருவேன். நான் பக்கத்து சீட்டுலதான் உக்காந்து வருவேன்."

அப்படியே உட்கார்ந்து போகிறாள். மேட்டில் லிண்டெல்வா கியரை மாற்றத் தாமதித்தால் இவளுடைய கால் தானாக ஒன்றுமில்லாத இடத்தை மிதிக்கிறது.